ஓர் அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும்

புதுச்சேரிக்குக் கடல் கடந்த உறவு புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த சைகோனுக்கு அலுவலர்களாகவும் சிப்பாய்களாகவும் இங்கிருந்து பலர் சென்றனர். அவர்கள் எழுதிய கடிதங்கள் கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்தன. 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல, பிரான்சிலும் இங்குமாகப் பிரிந்து வாழ்ந்தன. இன்று நகரின் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பிள்ளைச்சாவடியில் ஒரு பாட்டி, புதிதாக வாங்கிய டேப்லெட்டில் அயல்நாட்டுப் பேரனின் முகத்தை அந்தக் கணமே பார்த்துப் பேசிவிடலாம். தொலைவு சுருங்கிய கதை என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம்தான். எனினும் இதே கடற்கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சி, அவ்வளவு எளிதில் முடிக்கவிடாது.

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத ஊர்களைக் கம்பியில்லாத் தொடர்பு இணைத்தது. மின்வெட்டுக்குச் சூரிய ஒளி கைகொடுத்தது. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே இயங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்திலோ, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர முன்னறிவிப்பைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் வாசித்தனர். கணினி ஒன்றுதான், கேட்ட காதுகள் ஊர் முழுவதும்.

இந்த ஏற்பாட்டின் முழுப் பொருள் 2004 டிசம்பர் 26 அன்று விளங்கியது. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பின்னரே ஆழிப்பேரலை நம் கரையைத் தொட்டது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர், சிங்கப்பூரில் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக இங்கிருந்து மறுமொழி வந்தது. உடனே வெளியேறுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர்.

சிங்கப்பூர் அழைப்பு எட்டியது ஒரு குடும்பத்தை. அதை ஊருக்குக் கொண்டுசேர்த்தவை, அலை உயரத்தை நாள்தோறும் அறிவித்துப் பழகிய ஒலிபெருக்கியும், அதை நம்பிக் கேட்டுப் பழகிய மக்களும். அவை இல்லாதிருந்தால் அந்தச் செய்தி அடுத்த நாலைந்து வீடுகளோடு நின்றிருக்கும்.

அதன் பின் வந்த கருவிகள் அனைத்தும் தனித்தனிக் கைகளுக்கானவை. 2010இல் ஐபேட் வந்தது. 2011இல் மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டை இந்திய அரசு அறிமுகம் செய்தது. 2016இல் வாட்ஸப்பில் காணொளி அழைப்பு சேர்ந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் தருகிறது. அம்மையத்தின் அலை, காற்று, மீன்வளத் தகவல்களை ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி தமிழிலேயே மீனவர் கையில் சேர்க்கிறது. இவை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் செயலியின் எச்சரிக்கை, அதைத் திறந்து பார்ப்பவருக்கே எச்சரிக்கை. கருவி இல்லாத வீட்டுக்கும், மின்னேற்றாமல் அணைந்து கிடக்கும் கருவிக்கும் அது போய்ச்சேராது.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத் தடுப்புச்சுவர்கள் எழுந்தன. வடக்கே நகரும் மணல் அவற்றால் தடைப்பட, நகரின் வடகரையைக் கடல் அரிக்கலாயிற்று. பிள்ளைச்சாவடியும் அதற்கு இலக்கான ஊர். அங்கே பேரனின் முகம் தெரியும் திரையிலேயே நாளை ஓர் எச்சரிக்கையும் வரக்கூடும். அதை அண்டை வீடுகளுக்கும் உரக்கச் சொல்ல ஒரு பொதுக்குரலை ஊர் இன்னும் வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது, நம் கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் நல்லது.