பிள்ளைகளுக்கென்று வந்த காசு

பிள்ளைகளின் மனதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசாத காலத்திலேயே அவர்களுக்கென்று வெளியிலிருந்து காசு வந்திருக்கிறது. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. அவர்களுக்குக் காணியும் கிணறும் ஒழுங்கு செய்தது வவுனியாவை மையமாகக் கொண்டிருந்த காந்தியம். டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய அமைப்பு அது. கிணறுகளோடு முன்பள்ளிகளையும் அவர்கள் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஓலைக் கொட்டிலில் பாட்டும் கதையும் நடத்தவிட்டார்கள். ஒக்ஸ்பாம், நோவிப் போன்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் உதவின. 1983 ஏப்ரலில் இருவரையும் கைது செய்தார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். காந்தியம் முடங்கியது. பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள்.

அவர்களில் ஒரு அக்காவிடம்தான் நான் தொழில் பழகினேன். மன்னார் மாவட்டத்தில் முருங்கனுக்கு அண்மையில், கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரத்தில் எங்கள் முன்பள்ளி இருந்தது. அக்கா எனக்கு முதலில் சொல்லித்தந்தது அரிச்சுவடி அல்ல. "பிள்ளையை விட்டுட்டுப் போற தாயோட கொஞ்ச நேரம் நிண்டு கதை. வீட்டில என்ன நடந்ததெண்டு அவ சொல்லுவா. பிறகு பிள்ளையைப் பார்" என்றார். பிற்காலத்தில் எத்தனையோ பட்டறைகளில் இருந்திருக்கிறேன். இதைவிடப் பெரிதாக ஒன்றை எங்கும் கேட்கவில்லை.

முன்பள்ளியும் பட்டறையும் வருவதற்கு முன்னர் பிள்ளையைத் தேற்ற வழி இல்லாமல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். இரவில் திடுக்கிட்டு எழும்பிக் கத்துகிற பிள்ளையைப் "பயந்திட்டான்" என்பார்கள். கோயிலுக்குக் கொண்டுபோய்த் திருநீறு போட்டு நூல் கட்டுவார்கள். வேதக்காரர் மடுமாதாவுக்கு நேர்த்தி வைப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புஷ்பரட்ணமும் மாணவர்களும் கட்டுக்கரையில் அகழ்ந்தபோது ஐயனார் வழிபாட்டோடு சேர்ந்த சுடுமண் உருவங்கள் நிறைய வந்தன. குதிரையும் யானையுமாக அவற்றைப் பார்த்தபோது, இவற்றில் எத்தனை பிள்ளைக்கென்று வைத்த நேர்த்தியோ என்று நினைத்தேன். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. குடும்பமும் ஊரும் ஒன்றுகூடிப் பிள்ளையைத் தாங்குகிற வேலை அதில் நடக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார். ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தத் தாங்கலும் போய்விட்டது.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்க, மடுக் கோயில் வளவு தறப்பாள் கொட்டில்களால் நிறைந்தது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கினார்கள். அந்த ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எங்களோடு ஒரே சந்தையில் நின்ற தாய்மார் கைக்குழந்தையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் மூன்று திக்கில் அகதிகளானார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் எஸ். சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பிள்ளைகளின் கல்வியையும் ஊட்டச்சத்தையும் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. 'உளசமூகப் பணி' என்ற பெயர் இந்தக் காலத்தில்தான் எங்கள் காதில் விழுந்தது.

அந்தப் பட்டறைகளில் ஒன்றில் கேட்ட கதை இன்னும் மனதில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருக்க, அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் ஹாம்ஸ்டெட்டில் சிறு பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்தினார்கள். அதற்குக் காசு கொடுத்தது, ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது 1937இல் பிறந்த வளர்ப்புப் பெற்றோர் திட்டம். இன்று பிளான் என்று அழைக்கப்படுவதும் அதுதான். குண்டைவிடத் தாயைப் பிரிவதே சின்னப் பிள்ளையை அதிகம் உடைக்கிறது என்று அங்கே எழுதிவைத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மடு வளவில் அதைத்தானே ஒவ்வொரு நாளும் பார்த்தோம்! தகப்பன் இல்லாத கொட்டிலில் தாய் நிமிர்ந்து நின்றால் பிள்ளை விளையாடியது. தாய் மூலையில் குந்திவிட்டால் பிள்ளை வாயே திறக்காது.

1999 நவம்பர் 20 இரவு அந்தக் கோயிலிலேயே எறிகணை விழுந்தது. அடைக்கலம் தேடி வந்தவர்களில் நாற்பது பேரளவில் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு உதவி குவிந்தது. விளையாட்டுப் பெட்டிகள், நிறப் பென்சில், படம் கீறும் தாள். பெட்டியைத் திறந்து பிள்ளைகளோடு இருக்கப்போகிற ஆளுக்கு மட்டும் கொடுப்பனவு ஆறு மாதத்துக்குத்தான் எழுதப்பட்டிருந்தது.

2009இல் போர் முடிந்தபோது, அதிலிருந்து தப்பி வந்தவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். முகாமை அண்டி ஓடுவது அருவியாறு. அதே ஆற்றைக் கீழே தேக்கம் அணையில் மறித்துத்தான் கட்டுக்கரைக்குத் தண்ணீர் எடுக்கிறோம். உலகமே உதவத் தயாராக நின்ற நேரம் அது. ஆனால் வடக்கில் எந்தத் திட்டத்துக்கும் ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டும் என்றார்கள். வீடு, கிணறு, வீதி என்றால் அனுமதி கிடைத்தது. உளவளத்துணை என்று எழுதிய திட்டங்கள் தடைப்பட்டன. சனம் கதைக்கத் தொடங்கினால் என்ன வெளிவரும் என்ற பயம்தான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். அதனால் களத்தில் நின்றவர்கள் தையல் வகுப்பு, கோழி வளர்ப்பு, தாய்மார் சங்கம் என்ற பெயர்களில் உட்கார்ந்து கேட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். தையல் மெசினுக்குப் பக்கத்தில் சொல்லப்பட்டதெல்லாம் எந்த அறிக்கையிலும் இல்லை.

காசு கொடுப்பவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம், ஆதாரமும் இருக்கிறது. கிளவுடியா கட்டானியும் குழுவினரும் வடகிழக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், போரைப் போலவே வீட்டுக்குள் விழும் அடியும் தகப்பனின் குடியும் பிள்ளையைப் பாதிப்பது தெரிந்தது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், போரைக் கண்ட பிள்ளைகளுக்குள்ளும் தாய் தகப்பனின் அன்பை உணர்ந்தவர்கள் உள்ளொடுங்கும் மனப் பாதிப்பில் அவ்வளவு விழவில்லை. வகுப்பறையில் மட்டும் நடத்திய ஒரு திட்டத்தை யாழ்ப்பாணத்தில் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். பலன் கலப்பாகத்தான் வந்தது. மூன்றும் அக்கா சொன்ன இடத்துக்கே வந்து நிற்கின்றன: பிள்ளையைத் தனியே பிரித்தெடுத்துக் குணமாக்க ஏலாது.

இதைத் தெரிந்த பிறகும் காசு வருகிற விதம் மாறவில்லை. மாரி வெள்ளம் போல ஒரேயடியாக வரும், மூன்று வருடத்தில் வற்றும். வெள்ளத்தை மறித்து வைத்துச் சிறுபோகத்துக்குத் துருசு திறந்துவிடுகிற ஊரில் பிறந்தவள் நான். பிள்ளைக்கு வருகிற காசை மறித்துவைக்க ஒரு கட்டு இல்லையே என்பது என்னை உறுத்தும். ஒரு தாய் மனம் திறப்பதற்கே சிலவேளை இரண்டு வருடம் பிடிக்கிறது. அந்த நேரம் பார்த்துத் திட்டம் முடிந்து பெயர்ப்பலகையைக் கழற்றுவார்கள். "நீங்களும் போறீங்களா ரீச்சர்?" என்று கேட்ட தாய்மாரின் முகங்களை நான் மறக்கவில்லை. முன்பள்ளி ரீச்சர்மாருக்குக் கிடைப்பது இன்றைக்கும் கொடுப்பனவுதான், சம்பளம் இல்லை.

இப்போது பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. பலர் கட்டடம் கட்டித்தர விரும்புகிறார்கள். கட்டடம் வேண்டாம் என்று நான் எழுதுகிறேன். அந்தக் காசை வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள், முதலைத் தொடாதீர்கள், வட்டியில் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுங்கள். அவள் காலையில் முன்பள்ளி நடத்தட்டும், பின்னேரம் வீடு வீடாகப் போகட்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து காலபோகம் படுத்ததையும், அடுத்த வருடம் பால்மாவுக்கு வரிசையில் நின்றதையும் அவர்களுக்கு எழுதினேன். அந்த மாதங்களில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தத் தகப்பன் கடனால் குடிக்கத் தொடங்கினான் என்பது முன்பள்ளி ரீச்சருக்குத்தான் முதலில் தெரிந்தது. பிரதேச செயலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் அவள்தான் ஆளைக் கூட்டிப்போனாள்.

ஒரு சங்கம் சம்மதித்திருக்கிறது. பணத்தை யார் பெயரில் வைப்பது, முதலில் எந்த ஊர் என்று இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறோம். வீடு வீடாகப் போகிறவளுக்கு ஒரு சைக்கிளும் வேண்டும் என்று நேற்று எழுதியிருக்கிறேன்.