ரெட்டைக்குழல் துப்பாக்கி: பேரைப் பார்க்காதீங்க, முத்திரையைப் பாருங்க

இன்னைக்கு எபிசோட் ஒரு பழைய பொருளைப் பற்றி. கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகள் சிலவற்றில் மரப்பெட்டிக்குள்ளேயோ பீரோவுக்குள்ளேயோ ஒரு துப்பாக்கி தூங்கிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் செஞ்சது. ரெண்டு குழலும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கும். அதனால சைடு பை சைடுன்னு பேரு, நம்ம ஊரில் ரெட்டைக்குழல். “தாத்தாவோடது, என்ன விலை போகும்?” என்று ஒருத்தர் கேட்பார். “ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?” என்று இன்னொருத்தர் கேட்பார்.

ரெண்டு பேருக்கும் என் பதில் ஒண்ணுதான். குழல் மேல பளபளன்னு வெட்டியிருக்கிற கம்பெனிப் பேரை நம்பி விலை பேசாதீங்க. குழலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற முத்திரையும், கூட வர்ற லைசென்ஸ் காகிதமும்தான் அதோட மதிப்பைச் சொல்லும். ஒரு ஆயுதத்துக்கு மதிப்பு வர்றது இரும்பால இல்ல, அதை யார் வெச்சுக்கலாம்னு யார் முடிவு பண்றாங்க என்பதால. கடலூருக்கு இது 1690-லேயே தெரியும்.

அந்த வருஷம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சி மராட்டியர்கிட்ட விலைக்கு வாங்கியது. அப்போ மெட்ராஸில் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோட எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவும். மெட்ராஸிலிருந்து ஒரு பீரங்கியை வரவழைத்து, சுற்றிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குப் போனது. குண்டு கிராமங்கள்னு அவற்றுக்குப் பேரே வந்தது. அதுதான் பின்னாடி புனித டேவிட் கோட்டை. துப்பாக்கியை மக்கள் விலைக்கு வாங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, இங்க பீரங்கி ஊரை வாங்கிடுச்சு.

சிதம்பரமும் தப்பல. 1781 ஜூனில் ஹைதர் அலியின் படை நடராஜர் கோயில் மதிலுக்குள் இருந்தது. தாக்க வந்த சர் அயர் கூட் பின்வாங்க வேண்டியதாப் போச்சு. அடுத்து ஜூலை 1-ஆம் தேதி பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் நடந்த சண்டையில் அவர் ஜெயித்தார்.

இப்படி ஆயுதத்தால் நாட்டைப் பிடித்தவர்களுக்கு, அது மத்தவங்க கையில் இருப்பது பயம். லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் லைசென்ஸ் வாங்கணும், ஐரோப்பியருக்கு அது தேவையில்லை. அதனால ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அந்தக் காலத்து ரெட்டைக்குழல் இருந்தால், பணம் இருந்தது என்பது மட்டும் அர்த்தமில்லை. அரசாங்கம் அந்த வீட்டை நம்பியது என்றும் அர்த்தம். வீராணம் ஏரிக்கு வாத்து சுடப் போன பெருமைக்குப் பின்னால் இந்த விஷயமும் இருக்கு.

சரி, துப்பாக்கி முன்னாடி வந்திருக்கு. எப்படிப் படிக்கிறது? முதல்ல ரெண்டு அறையும் காலியான்னு பார்க்கணும். லைசென்ஸ் உள்ளவரோ, ஆயுதக் கடைக்காரரோ பிரித்துக் காட்டட்டும். குழலைக் கழற்றித் திருப்பினால், அடியில் தட்டையான பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலையும் விற்பதற்கு முன், அளவுக்கு மிஞ்சின மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை. பர்மிங்காமில் இதுக்கான சோதனைச் சாலை 1813-ல் தொடங்கியது. கிரீடமும் அதன் கீழே பி.பி., பி.வி. எழுத்துகளும் இருந்தால் அது பர்மிங்காம் சோதனை, 1904-க்குப் பிறகு. ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்று இருந்தால் புகையில்லாத மருந்துக்கும் சோதிச்சிருக்காங்க. இல்லைன்னா அது கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம். இன்னைக்குத் தோட்டாவைப் போட்டுச் சுடுறது உயிரோட விளையாடுறது.

மேல இருக்கிற பேரு ஏன் ஏமாத்தும்? கல்கத்தா, மெட்ராஸ் கடைகள் பல, பர்மிங்காமில் செஞ்சதை வாங்கித் தங்கள் பேரை வெட்டி விற்றார்கள். பேரு கடையோடது, வேலை வேற யாரோடதோ. உள்ளே இருக்கிற பூட்டு, பெரும்பாலும் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியின் ஆன்சனும் டீலியும் 1875-ல் பேடன்ட் வாங்கிய பாக்ஸ்லாக் அமைப்பாக இருக்கும்.

அடுத்தது காது. குழலை மட்டும் விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்க. கோயில் மணி மாதிரி கணீர்னு ஒலிச்சா ரெண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு நல்லா இருக்கு. தொப்புனு கேட்டா எங்கேயோ விட்டிருக்கு. பிறகு வெளிச்சத்துக்கு நேரா உள்ளே பாருங்க. கடலூர் உப்புக்காத்து சும்மா விடாது, துருக்குழி இருக்கான்னு தேடணும். திரும்ப மாட்டி, கட்டையைப் பிடிச்சுக் குழலை ஆட்டினா ஆடக் கூடாது.

கடைசியா தோட்டா அறையின் நீளம். பழசு பலவற்றில் 65 மில்லிமீட்டர். இப்போ பரவலாகக் கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டா அதுக்குள்ளேயும் போய்விடும், ஏன்னா அந்த அளவு வெடித்து விரிந்த பிறகான நீளம். உள்ளே போகுதேன்னு சுட்டா அழுத்தம் எகிறும்.

‘டமாஸ்கஸ் குழல் சார், நம்ம தமிழ் எஃகு’ என்று யாராவது விலை ஏத்தினால் சிரிச்சுக்கோங்க. டமாஸ்கஸ் வாளுக்குத் தென்னிந்திய உருக்கோடு உறவு உண்டு. இந்தக் குழலோ இரும்பும் எஃகும் பட்டைகளாகச் சேர்த்து முறுக்கிச் சுற்றினது. கோலம் ஒத்துப்போகும், அவ்வளவுதான். நம்ம பக்கத்து உண்மைக் கதை வேற. 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், 1839-ல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்ய பேடன்ட் எடுத்தார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலை அது மாத்தியது.

இனி காகிதம். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிஞ்சது. 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்னது. புதுசு வராததால், இங்கிலாந்து ஏலத்தில் சாதாரணமாப் போகிற துப்பாக்கிக்குக்கூட இங்கே மவுசு. ஆனா 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கையில் வாங்கக் கூடாது, விற்கிறவரும் வாங்கிறவரைப் பார்த்து மட்டும் விற்க முடியாது. கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் பொறுக்கணும். துப்பாக்கியில் வெட்டின நம்பரும் லைசென்ஸில் உள்ள நம்பரும் ஒண்ணா இல்லைன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. 2019 திருத்தம் ஒருத்தர் வெச்சுக்கக்கூடிய எண்ணிக்கையை மூணிலிருந்து ரெண்டாக்கிடுச்சு. பரம்பரையா வந்ததும் இந்தக் கணக்கில்தான்.

தாத்தா காலமாகி, பெட்டி மூடியே இருக்கிற வீடுகளுக்குத்தான் இது அவசரம். லைசென்ஸ்காரர் இல்லைன்னா துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றமாகலாம். தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைச்சு ரசீது வாங்குங்க. வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிங்க. கெடுவுக்குள் யாரும் கேட்காவிட்டால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். ஒப்படைக்கும்போது கடைக்காரரை விட்டே அந்த முத்திரைகளையும் நம்பரையும் படமெடுத்துக்கோங்க. பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீங்க. தாத்தாவை அரசாங்கம் எந்த வருஷம், எதுக்காக நம்பியது என்பதற்கு உங்க வீட்டில் இருக்கிற ஒரே எழுத்துச் சாட்சி அதுவாக இருக்கலாம். துப்பாக்கி போனாலும் அந்தப் புத்தகத்தை வெச்சுக்க லைசென்ஸ் வேண்டாம்.