அந்த நோட்டைப் பாக்கச் சொல்லு

1982இல் எல்ஸ்பெத் பியர்ட் என்ற 23 வயதுப் பெண் பழைய பி.எம்.டபிள்யூ. பைக் ஒன்றில் தனியாக உலகம் சுற்றக் கிளம்பினார். தாய்லாந்தில் நாய் குறுக்கே பாய்ந்து விபத்து. முன்பின் தெரியாத ஒரு கிராமத்துக் குடும்பம்தான் அவரைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டது. கடிதமோ ட்ரங்க் காலோ போகாதவரை லண்டனில் யாருக்குத் தெரியும்? அன்றைய பயணிகளுக்கு வீட்டுக் கடிதம் அடுத்த பெரிய ஊரின் தபால் நிலையத்தில் காத்திருக்கும். மாதக்கணக்கில்கூட.

2007இல் ஸ்பாட் என்ற கையடக்கக் கருவி வந்தது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் வீட்டுக்குப் போய்விடும். 2011இல் வந்த இன்ரீச்சில் பதிலும் வாங்கலாம்.

மணாலி–லே போக நானும் ஒன்று வாங்கப் பார்த்தேன். நம்ம ஊரில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின் நிழல் அது. 2008 மும்பைத் தாக்குதல்காரர்கள் கடலில் துரையா போன் வைத்திருந்தார்கள்; கெடுபிடி இறுகியது. 2024 டிசம்பரில்கூட இன்ரீச்சோடு வந்த கனடாக்காரர் ஒருவர் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். பயம் புரிகிறது. ஆனா பள்ளத்தில் விழுந்து கிடக்கிறவனுக்கு அந்த விளக்கம் எதுக்கு?

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதால் போஸ்ட்பெய்டுக்கு மாறினேன். ஜிஸ்பா தாண்டியதும் அதுவும் போச்சு. தார்ச்சா போலீஸ் செக்போஸ்ட்டில் பேரையும் வண்டி நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கிளம்புமுன்னே அம்மாகிட்ட சொல்லியிருந்தேன்: "வெள்ளி ராத்திரிக்குள்ள லேயிலேர்ந்து போன் வரலைன்னா, முதல்ல அந்த நோட்டைப் பாக்கச் சொல்லும்மா."