பயிரின் தேவையும் பாலிகை முளையும்

பயிர் வளர்தற்கு வேண்டுவன யாவை என்னும் பாடம் இன்று தொடக்கப்பள்ளியின் கீழ்வகுப்புகளிலேயே கற்பிக்கப்படுகின்றது. மண், நீர், காற்று, ஒளி எனச் சிறுவர் ஒப்பிப்பர். இவற்றுள் ஒளி காலத்தாற் பிந்திப் பாடத்துட் புகுந்தது. தமிழ் மரபு ஒளியை அறிந்திருந்ததா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

திருக்குறளின் உழவு அதிகாரத்து 1037ஆம் குறள், ஒரு பலப் புழுதி காற்பலமாகுமாறு உணக்கின் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்கின்றது. அடுத்த குறள் ஏரினும் எருவையும், களைகட்டபின் நீரினும் காவலையும் மேலாக வைக்கின்றது. உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல், காத்தல் என ஐந்தினையும் பரிமேலழகர் முறைப்படுத்துவர். இவற்றுள் ஒளி இல்லை. முன்னைக் குறளில் வரும் உணக்கலும் மண்ணுக்கேயன்றி இலைக்கன்று. இதனைக் குறையெனக் கொள்ளல் பொருந்தாது. குறள் கூறுவது உழவன் செயல். பயிரின் தேவை முழுவதும் அன்று. திறந்த வயலுக்கு வெயிலை எவரும் கொண்டுவந்து இட வேண்டுவதில்லை. இன்றைய பயிர்நூல் அனைத்தும் இக்குறள்களுள் அடங்கும் எனல் அதனினும் மிகையாம்.

ஒளியைப் பற்றிய பட்டறிவு வேறோரிடத்தே கிடைக்கின்றது. கண்ணகியின் திருமணத்தில் மகளிர் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தி வந்தமையைச் சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடல் காட்டும். மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் அம்மன் விழாவுக்கு வளர்க்கப்பெறும் முளைப்பாரி அம்மரபோடு உறவுடையது. பயறு முதலியவற்றை எருவிட்ட கலத்தில் விதைத்து, இருண்ட அறையில் நீர்தெளித்து வளர்ப்பர். முளைகள் வெளிறிய மஞ்சள் நிறத்தவாய் நெடிது உயரும். அந்நிறத்தையும் உயரத்தையும் வேண்டியே ஒளியை விலக்குகின்றனர். ஒளியின் வினையை இம்மகளிர் கையால் அறிவர். காரணம் கூறும் நூலாக அவ்வறிவு வளரவில்லை என்பதே நம் துணிபு.

காரணத்தைத் தேடிய வழி மேலைநாட்டில் வேறாய் அமைந்தது. வான் எல்மாண்ட் 200 இராத்தல் உலர்ந்த மண்ணில் 5 இராத்தல் எடையுள்ள அலரிவகை மரக்கன்றை நட்டு, நீர் மட்டுமே ஊற்றினார். ஐந்தாண்டில் மரம் 169 இராத்தலுக்குச் சற்று மிகுந்தது; மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சே. மரம் நீராலேயே ஆயது என அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின் 1648இல் அது அச்சேறியது. மண்ணை உண்டே மரம் பருக்கிறது என்பார்க்கு இந்த எடையே விடை. எனினும் காற்றை அவர் எண்ணிலர். பச்சைப் பகுதிகள் ஒளியில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்கும் என்பதை இங்கன்ஹவுஸ் 1779இல் வெளியிட்டார்.

பள்ளியிற் செய்யும் சோதனை இவ்விரண்டின் வழிவந்தது. ஒரு சட்டி பயறு வெயிலிலும், ஒன்று இருளிலும் வைக்கப்படும். ஆயின் ஒரு வாரத்தில் அளவுகோல் கொண்டு பார்க்கும் சிறுவன் இருட்சட்டியே உயர்ந்ததெனக் காண்பான். முளைப்பாரி கண்டு வளர்ந்தவனுக்கு அது வியப்புமன்று. ‘ஒளி இன்றேல் வளராது’ என்னும் பாடவாக்கியத்தை அவன் நம்புதல் எங்ஙனம்? விதையின் பருப்பிலுள்ள உணவைச் செலவிட்டே அம்முளை நீள்கின்றது. ஆசிரியர் இதனை மறைத்தலாகாது. இரு சட்டிப் பயிரையும் வேரொடு பறித்து உலர்த்தி நிறுத்தல் வேண்டும். நெடிய மஞ்சட்பயிர் எடையிற் குறைந்திருக்கும். அன்றேல் பருப்பு தீருமளவும் காத்திருத்தல் வேண்டும்; அப்போது அது தானே சாய்ந்துவிடும்.