கொட்சிலாவும் ரோசாச்செடியும்: 1989 இல் தோற்ற ஒரு தொடர்ச்சி

2014 ஆம் ஆண்டு கொட்சிலாவுக்கு அறுபது வயது. அந்த வருசம் யப்பானிய சினிமாவுக்கென்றே இயங்குகிற ஒரு தொலைக்காட்சி அலைவரிசை, அதுவரை வந்த கொட்சிலா படங்களில் எது சிறந்தது எண்டு வாக்கெடுப்பு நடத்தியது. 1954 இல் வந்த முதல் படம்தான் வெல்லும் எண்டு நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைச்சம். வென்றது 1989 இல் வந்த ‘கொட்சிலா எதிர் பியோலாந்தே’.

வெளிவந்த நேரம் எதிர்பார்த்த கூட்டம் வராத படம் அது. தயாரித்த தோஹோ கொம்பனி தன்ர போக்கையே மாற்றிக்கொள்ளக் காரணமான படமும் அதுதான். இருபத்தைந்து வருசத்தில் பார்வையாளரின் தீர்ப்பு எப்படித் தலைகீழானது? உண்மையில் மாறினது தீர்ப்பா, தீர்ப்புச் சொல்ல வந்த ஆட்களா?

கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும். 1954 மார்ச்சில் பிகினித் தீவுப் பக்கம் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ஒரு யப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. செப்டெம்பரில் அந்தப் படகின் வானொலி இயக்குநர் இறந்துபோனார். நவம்பர் 3 ஆம் திகதி இஷிரோ ஹொண்டாவின் ‘கொட்சிலா’ வெளிவந்தது. பார்த்தவர்கள் சுமார் 96 இலட்சம் பேர். ஆறு மாதம் முடியமுன்னமே, 1955 ஏப்ரலில், வேறொரு இயக்குநரை வைத்து அவசரமாக ஒரு தொடர்ச்சியை எடுத்து விட்டார்கள். அதையும் 83 இலட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் முதல் படத்தின் துக்கம் அதில் இல்லை. ஒரு மிருகத்தோடு இன்னொரு மிருகம் மோதுகிற வழமை அதில்தான் தொடங்கியது. 1962 இல் கிங் கொங்கோடு மோதவிட்டபோது 1 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் கூட்டம். பிறகு கொட்சிலா மெல்ல மெல்லச் சிறுபிள்ளைகளின் நண்பனாகி, உலகத்தைக் காப்பாற்றுகிற வீரனாகி, 1975 இல் 10 இலட்சம் பேர்கூட வராத நிலைக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது வருசம் படமே இல்லை.

1984 டிசெம்பரில் திரும்பவும் வந்தது. இடையில் வந்த தொடர்ச்சிகள் எல்லாத்தையும் மறந்துவிட்டு, 1954 படத்துக்கு நேரடித் தொடர்ச்சியாக, பழையபடி பயங்கரமான கொட்சிலா. 32 இலட்சம் பேர் பார்த்தார்கள். மோசமில்லை. அடுத்ததை எப்படி எடுக்கிறது? தயாரிப்பாளர் தொமொயுகி தனாகா செய்த காரியம்தான் எங்களுக்குப் பிடிச்ச இடம். கதையைப் பொதுமக்களிடமே கேட்டார். போட்டிக்கு 5000 க்கு மேற்பட்ட கதைகள் வந்தன. வென்ற கதையை எழுதியவர் ஷினிச்சிரோ கொபயாஷி என்ற பல் வைத்தியர். அதை மாற்றி எழுதி இயக்கிய கசுகி ஓமொரியும் மருத்துவம் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். ஒரு பல் வைத்தியரும் ஒரு டொக்டரும் சேர்ந்தால் கதை ஆய்வுகூடத்துக்குள்தான் போகும், போனது.

கொட்சிலா ஷின்ஜுக்குவை இடித்துப்போட்டுப் போன இடிபாடுகளில் படம் தொடங்குது. அங்கே சிதறிக் கிடக்கிற கொட்சிலாவின் கலங்களைப் பொறுக்க ஆட்கள் வருகினம். அமெரிக்கக் கொம்பனிக்கும் அது வேணும், சராடியா என்ற கற்பனை எண்ணெய் நாட்டுக்கும் வேணும், யப்பானுக்கும் வேணும். பாலைவனத்தில் கோதுமை விளைவிக்கிற ஆராய்ச்சிக்காக சராடியாவுக்குப் போன விஞ்ஞானி ஷிரகாமியின் மகள் எரிக்கா, குண்டுவெடிப்பில் செத்துப்போகிறாள். அவர் மகளின் கலங்களை ஒரு ரோசாச்செடிக்குள் சேர்த்து வளர்க்கிறார். அந்தச் செடி பட்டுப்போகிற நிலை வர, அதைச் சாகவிடாமல் கொட்சிலாவின் கலத்தையும் சேர்க்கிறார். அதுதான் பியோலாந்தே. ஆஷி ஏரிக்கு நடுவில, இரவில, ஒரு பெரிய ரோசாப்பூ நிண்டு அழுகிற காட்சியைப் பார்த்தவர்கள் இலேசில் மறக்கமாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர் செய்யக்கூடாததைச் செய்கிற கதை, கொட்சிலா பிறகுதான்.

படம் 1989 டிசெம்பர் 16 இல் வந்தது. அதுக்கு ஒரு கிழமை முதல்தான் ‘பாக் டு த ஃபியூச்சர்’ இரண்டாம் பாகம் யப்பானில் வெளியாகியிருந்தது. பியோலாந்தேக்கு வந்தவர்கள் சுமார் 20 இலட்சம். 1984 படத்தோடு பார்த்தால் பன்னிரண்டு இலட்சம் குறைவு.

போட்டிப் படத்தை மட்டும் குறை சொல்லேலாது. படத்தில் பிழைகள் இருக்கு. சராடியாவின் கொலையாளி, அமெரிக்க உளவாளிகள், மனோசக்தி உள்ள பெண் மிக்கி, அணுசக்தியைத் தின்னுகிற பக்டீரியா, தூரத்திலிருந்து இயக்குகிற போர் விமானம் எண்டு ஒரு படத்துக்குள் மூன்று படம் கிடக்கு. ஆங்கிலம் பேசுகிற நடிகர்கள் வாய் திறந்தால் சிரிப்பு வருது. கடைசியில் வானத்தில் எரிக்காவின் முகம் தெரிகிறது பலருக்குச் சங்கடம். இதெல்லாத்தையும் விட, பியோலாந்தே திரையில் நிக்கிற நேரம் மிகக் குறைவு. கொயிச்சி கவகிதாவின் குழு கம்பிகளில் தொங்கவிட்டு அசைத்த அந்த இரண்டாம் உருவம், முதலை வாயும் கொடிகளுமாகத் தரையைக் கிழித்துக்கொண்டு வாற உருவம், கொஞ்சம் சண்டை பிடிச்சிட்டு ஒளித்துணிக்கைகளாகக் கரைந்து மேலே போயிடுது. சண்டை பார்க்க வந்த பிள்ளைக்கு இது ஏமாற்றம்தான்.

தோஹோ ரிக்கற் கணக்கைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது: புது மிருகம் வேண்டாம், சனத்துக்குத் தெரிஞ்சதைக் கொடுப்பம். 1991 இல் கிங் கிதோரா, 27 இலட்சம் பேர். 1992 இல் மொத்ரா, 42 இலட்சம் பேர். இந்த இரண்டுக்கும் திரைக்கதை எழுதினவர் அதே ஓமொரி. ஆகவே ஆளில் பிழை இல்லை, மிருகத்தில்தான் பிழை எண்டு கொம்பனி நினைச்சதில் நியாயம் இருக்கு. ஆனால் பார்வையாளரிடம் கதை கேட்டுத் தொடங்கின ஒரு முயற்சி, பார்வையாளர் வரவில்லை எண்டதால் முடிஞ்சுபோனது. கதை அனுப்பின ஐயாயிரம் பேருக்குப் புதுசு வேண்டியிருந்தது. நத்தார், புதுவருச விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போகிற பெற்றோருக்கு அது வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் ‘பார்வையாளர்’தான்.

அதனால்தான் 2014 வாக்கெடுப்பை வைத்து “காலம் நல்ல படத்தை அடையாளம் கண்டுவிட்டது” எண்டு சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ரிக்கற் கணக்கில் எல்லாரும் அடக்கம். மருமகனுக்காக வந்து நித்திரை கொண்ட மாமாவும் அடக்கம். வாக்கெடுப்பில் இருந்தது, இருபத்தைந்து வருசம் கழித்தும் கொட்சிலாவைப் பற்றிக் கதைக்கிறவர்கள் மட்டும். 1989 இல் பத்து வயதுப் பிள்ளைக்கு அப்ப 35 வயது. அந்தப் பிள்ளை தியேட்டரில் கண்ட ரோசா, வளர்ந்த பிறகு வேறொண்டாகத் தெரிஞ்சிருக்கும். டொலி என்ற ஆட்டுக்குட்டி ஒற்றைக் கலத்திலிருந்து உருவாகிப் பிறந்தது 1996 இல். படம் வந்து ஏழு வருசத்துக்குப் பிறகு. கலத்தைத் திருடுகிற கொம்பனியும், விதைக்காக ஆட்களைக் கொல்லுகிற அரசும் 1989 இல் ஒரு பிள்ளைக்குக் கற்பனை. 35 வயதில் அது பத்திரிகைச் செய்தி. இது எங்கட ஊகம்தான். வாக்குச்சீட்டில் காரணம் எழுதச் சொல்லிக் கேட்பதில்லையே.

ஓமொரி 2022 நவம்பரில் காலமானார். அந்தச் செய்தி வந்த பிறகு நாங்கள் ஐந்து பேர் கூடியிருந்து படத்தைத் திரும்பப் பார்த்தம். ஏரிக் காட்சியில் ஒருத்தரும் கதைக்கவில்லை. வானத்தில் எரிக்காவின் முகம் வந்ததும் சண்டை தொடங்கிச்சு: அதை வெட்டியிருக்கவேணும் எண்டு மூண்டு பேர், அது இல்லாட்டி அந்தத் தகப்பனின் கதை முடியாது எண்டு இரண்டு பேர். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிற இந்த நேரத்திலும் அது மூண்டுக்கு இரண்டுதான்.