சன்பீம் டைகர்

சன்பீம் டைகர் என்பது ஐக்கிய இராச்சியத்தின் ரூட்ஸ் குழுமம் 1964 முதல் 1967 வரை விற்பனை செய்த இரு இருக்கைத் திறந்த கூரை விளையாட்டுத் தானுந்து ஆகும். இது அக்குழுமத்தின் சன்பீம் ஆல்பைன் என்னும் சிறிய தானுந்தின் உடலில், அதன் நான்கு உருளைப் பொறிக்குப் பதிலாக அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு உருளை வி-8 பொறியைப் பொருத்தி உருவாக்கப்பட்டது. பொறி மாற்றம் என்பது பொதுவாகத் தனி ஆர்வலர்கள் தம் கொட்டகைகளில் செய்து பார்க்கும் வேலை. டைகரிலோ அது ஒரு நிறுவனத்தின் தொடர் உற்பத்தியாகவே நடந்தது. மூன்று ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கட்டப்பட்டன. இரவல் வாங்கிய பொறியே இவ்வண்டிக்குப் புகழைத் தந்தது. இதன் உற்பத்தி நின்றுபோனதற்கும் அதே பொறிதான் காரணமாயிற்று.

பின்னணி

சன்பீம் ஆல்பைன் 1959ஆம் ஆண்டில் அறிமுகமானது. ஹில்மன் ஹஸ்கி என்னும் சிறு வண்டியின் அடித்தளத்தில் கட்டப்பட்ட இது, அழகான தோற்றமும் வசதியான இருக்கைகளும் கொண்டிருந்தது. 1962இல் வெளியான முதல் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படமான டாக்டர் நோவில் பாண்ட் ஓட்டுவது இந்த வண்டியைத்தான். ஆனால் இதன் பொறி தொடக்கத்தில் 1.5 லிட்டர், பின்னர் 1.6 லிட்டர் கொள்ளளவே கொண்டது. திறன் ஏறத்தாழ 80 குதிரைத்திறன். 1961 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஆல்பைன் ஒரு பரிசைப் பெற்றது உண்மை. எனினும் அது எரிபொருளைச் சிறப்பாகப் பயன்படுத்தியதற்கான வெப்பத்திறன் பரிசே தவிர, வேகத்துக்கான பரிசு அன்று. விளையாட்டுத் தானுந்துகளின் மிகப் பெரிய சந்தையாக இருந்த கலிபோர்னியாவில், பந்தயங்களில் வெல்லாத வண்டியை விற்பது கடினமாக இருந்தது.

அக்காலத்தில் கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கர், ஏசி என்ற சிறிய ஆங்கில நிறுவனத்தின் ஏஸ் வண்டியில் ஃபோர்டு வி-8 பொறியைப் பொருத்திக் கோப்ரா என்ற பெயரில் வெளியிட்டுப் பந்தயங்களில் வென்று வந்தார். இவர் 1959இல் லெ மான் பந்தயத்தை வென்றவர். ஆல்பைனுக்கும் அதே வைத்தியத்தைச் செய்யலாம் என்ற எண்ணத்தை, பார்முலா 1 உலக வாகையர் ஜாக் பிரபாம் ரூட்சின் போட்டிப் பிரிவு மேலாளர் நார்மன் கராடிடம் கூறினார். நார்மன் அதைத் தம் மகன் இயன் கராடிடம் தெரிவித்தார். இயன் அப்போது அமெரிக்க மேற்குக் கரையில் ரூட்சின் விற்பனை மேலாளராக இருந்தார்.

ஆல்பைனின் சொந்தப் பொறியைத் திருத்தி வலுப்படுத்தித் தருமாறு ரூட்ஸ் முதலில் இத்தாலியின் பெராரி நிறுவனத்தை அணுகியிருந்தது. அப்பேச்சு பலனளிக்கவில்லை.

பொறியைத் தேடுதல்

பொறி மாற்றத்தில் முதற்கேள்வி திறனைப் பற்றியது அன்று, இடத்தைப் பற்றியது. ஆல்பைனின் முன் மூடிக்குக் கீழே எந்த வி-8 பொறி அடங்கும் என்பதை அறிய, மேற்குக் கரைப் பணிமனை மேலாளர் வால்டர் மெக்கன்சி ஒரு மர அளவுகோலை எடுத்துக்கொண்டு பல நிறுவனங்களின் வண்டிகளிலிருந்த பொறிகளை அளந்து வந்தார். பல இலட்சம் பவுண்டு முதலீட்டுக்குக் காரணமான ஆய்வு இவ்வாறு ஒரு மர அளவுகோலுடன் தொடங்கியது. ஃபோர்டின் 260 கன அங்குலப் பொறி, அதாவது சுமார் 4.3 லிட்டர் கொள்ளளவு கொண்டது, இடத்தில் அடங்கும் என்பது தெரியவந்தது.

இப்பொறியின் சிறப்பு அதன் எடையில் இருந்தது. மெல்லிய சுவர்களுடன் வார்ப்பிரும்பை வார்க்கும் முறையை ஃபோர்டு கையாண்டதால், எட்டு உருளைகள் இருந்தும் இதன் எடை சுமார் 200 கிலோகிராம் மட்டுமே. கனமான பொறியொன்றை முன்பகுதியில் வைத்தால் சிறிய வண்டி நேர்கோட்டில் பாயுமே ஒழிய வளைவில் திரும்ப மறுக்கும். உருவான டைகரில் முன் சக்கரங்கள் மீதான சுமை மொத்த எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. இது ஒரு விளையாட்டுத் தானுந்துக்கு நல்ல பங்கீடே.

முன்மாதிரிகள்

முன்மாதிரி ஒன்றைக் கட்டித்தர ஷெல்பி எட்டு வாரமும் 10,000 டாலரும் கேட்டார். எட்டு வாரம் பொறுக்க இயன் கராடுக்கு மனம் வரவில்லை. ஆகவே அவர் கென் மைல்ஸ் என்ற பந்தய ஓட்டுநரிடமும் ஒரு வண்டியை ஒப்படைத்தார். இங்கிலாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த மைல்ஸ் தேர்ந்த கம்மியரும் ஆவார். அவரிடம் ஓர் ஆல்பைனும், ஒரு ஃபோர்டு பொறியும், இரண்டு வேகத் தானியங்கிக் கியர்பெட்டியும், சிறு தொகையும் தரப்பட்டன. ஏறத்தாழ 40 மணிநேர உழைப்பில் அவர் வண்டியை ஓடவைத்துவிட்டார். பொறி அடங்கும், வண்டி தாங்கும் என்பதை இது மெய்ப்பித்தது. (இதே மைல்ஸ் 1966இல் ஃபோர்டின் பந்தய வண்டியொன்றைச் சோதித்தபோது விபத்தில் இறந்தார். 2019இல் வெளிவந்த ஃபோர்டு வி பெராரி திரைப்படம் அவரது வாழ்வின் இறுதி ஆண்டுகளைப் பற்றியது.)

ஷெல்பியின் முன்மாதிரி 1963 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. வேலை இதில் முறையாகச் செய்யப்பட்டது. ஆல்பைனின் பழைய திசைமாற்றிப் பெட்டி வி-8 பொறி இருக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், அது நீக்கப்பட்டுப் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட திசைமாற்றி, பொறிக்கு முன்புறமாக வைக்கப்பட்டது. பொறியை இயன்றவரை பின்னால் தள்ளி வைத்ததால் எடைப் பங்கீடு காப்பாற்றப்பட்டது.

இவை அனைத்தும் இங்கிலாந்திலிருந்த தலைவர் வில்லியம் ரூட்ஸ் பிரபுவுக்குத் தெரியாமலே நடந்தன. செய்தி அறிந்து முதலில் சினங்கொண்ட அவர், வண்டியைக் கப்பலில் அனுப்பச் சொன்னார். 1963 சூலையில் வந்து சேர்ந்த வண்டியைத் தாமே ஓட்டிப் பார்த்தபின் மனம் மாறி, இரண்டாம் ஹென்றி ஃபோர்டுடன் நேரடியாகப் பேசி 3,000 பொறிகளுக்கு ஆணை கொடுத்தார்.

தண்டர்போல்ட் என்னும் மறைபெயரில் வளர்ந்த வண்டி, 1964 ஏப்ரலில் நியூயார்க் தானுந்துக் கண்காட்சியில் டைகர் என்ற பெயரில் அறிமுகமானது. இது நிறுவனத்தின் பழைய பெயர்களுள் ஒன்று. 1926 மார்ச்சில் ஹென்றி செக்ரேவ் சவுத்போர்ட் கடற்கரையில் மணிக்கு 152 மைல் (245 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடி நிலவேகச் சாதனை படைத்த 12 உருளை சன்பீம் வண்டியும் டைகர் என்றே அழைக்கப்பட்டது.

உற்பத்தி

வண்டியைத் தானே கட்டும் ஒப்பந்தம் கிடைக்கும் என ஷெல்பி எதிர்பார்த்தார். அதற்கு மாறாக, விற்கப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் அவருக்கு உரிமத்தொகை தர ரூட்ஸ் முடிவு செய்தது. கட்டும் பணி இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் நகரிலிருந்த ஜென்சன் நிறுவனத்துக்குச் சென்றது. வோல்வோவின் பி1800 வண்டியைக் கோத்துத்தரும் பணி சுவீடனுக்கு மாற்றப்பட்டிருந்ததால் அங்கு இடம் இருந்தது.

உடல்கள் வண்ணம் பூசப்பட்டே ஜென்சனுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் பொறியறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலான தகட்டை உட்புறமாக அமுக்காமல் பொறி உள்ளே இறங்கவில்லை. இதற்கெனத் தனி அச்சுகள் செய்வது செலவு மிக்கது என்பதால், தொழிலாளர்கள் சம்மட்டியால் அடித்தே தேவையான பள்ளத்தை உண்டாக்கினர். தொடர் உற்பத்தியில் சம்மட்டியும் ஒரு முறையான கருவியாக இடம்பெற்ற தானுந்துகள் மிகச் சிலவே.

நெருக்கடி அத்துடன் தீரவில்லை. இடப்பக்க உருளை வரிசையில் கடைசி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் பொறியறையிலிருந்து கை எட்டாது. அதற்காக இருக்கைப் பகுதியின் தகட்டில் ஒரு துளை இட்டு ரப்பர் அடைப்பானால் மூடினர். மின்கலம் பின்புறப் பெட்டிக்கு மாற்றப்பட்டது. எண்ணெய் வடிகட்டிக்கும் வேறிடம் தேட நேர்ந்தது. பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்க ஒரு குறுக்குத் தண்டு சேர்க்கப்பட்டது. ஆனால் பிரேக்குகள் பெரும்பாலும் ஆல்பைனுடையவையாகவே இருந்தன; சக்கரங்களும் அதே 13 அங்குல அளவுதான். திறன் இரு மடங்கானபோது நிறுத்தும் ஆற்றலும் அதற்கேற்ப உயராதது இவ்வண்டியின் மெய்யான குறை எனலாம்.

முதல் வகை டைகரின் பொறி 164 குதிரைத்திறன் கொண்டது. உச்ச வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். வெளித்தோற்றத்தில் ஆல்பைனுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1967இல் வந்த இரண்டாம் வகையில் 4.7 லிட்டர், 200 குதிரைத்திறன் பொறி இடம்பெற்றது. இவ்வகையில் சில நூறு வண்டிகளே கட்டப்பட்டன.

வெப்பச் சிக்கல்

டைகரைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வோர் முதலில் எதிர்கொள்வது வெப்பத்தை. நான்கு உருளைப் பொறிக்கென அமைந்த சிறிய முன்வாயில் வழியாக வரும் காற்று, இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ள பொறியைக் குளிர்விக்க வேண்டும். உள்ளே நுழைந்த காற்று வெளியேறவும் இடம் குறைவு, ஏனெனில் பொறியறை முழுவதையும் பொறியே நிரப்பிவிடுகிறது. எனவே பெரிய ரேடியேட்டரைப் பொருத்துவது மட்டும் போதாது. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அடைத்துக் காற்று முழுவதும் அதன் வழியே செல்லுமாறு செய்வதும், விசிறிக்கு உறை இடுவதும், முன் மூடியில் காற்றுப் பிளவுகள் வெட்டுவதும் வழக்கமான தீர்வுகளாயின. அமெரிக்க விற்பனையாளர்கள் லாஸ் ஏஞ்சலஸ் டைகர் என்பதன் சுருக்கமான எல்ஏடி என்ற குறியீட்டுடன் பெரிய கார்புரேட்டர் முதலிய பந்தய உதிரிகளையும் விற்றனர். அவற்றைக் கொண்டு உரிமையாளர் தாமே வண்டியின் திறனைக் கூட்டிக்கொள்ள முடிந்தது.

பந்தயங்களில்

1964 லெ மான் பந்தயத்துக்காகக் கேம்பிரிட்ஜில் பிரையன் லிஸ்டரின் பணிமனையில் கூரையிட்ட மூன்று வண்டிகள் கட்டப்பட்டன. ஒன்று சோதனைக்கு, இரண்டு பந்தயத்துக்கு. பொறிகளை ஷெல்பியின் பணிமனை ஆயத்தம் செய்தது. திறன் சுமார் 275 குதிரைத்திறன். எஃகு உடலின் அடிப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டதால் வண்டிகள் கனமாக இருந்தன. பந்தயத்தில் ஒன்று மூன்று மணிநேரத்தில் உந்துதண்டு பழுதாகியும், மற்றொன்று ஒன்பது மணிநேரத்தில் மாற்றித்தண்டு உடைந்தும் வெளியேறின. அதே பந்தயத்தில் ஷெல்பியின் சொந்த அணியின் கோப்ரா டேடோனா, அதே குடும்பத்து ஃபோர்டு பொறியுடன் ஓடி மொத்தத்தில் நான்காம் இடத்தையும் தன் பிரிவில் முதலிடத்தையும் பெற்றது. ரூட்சுக்கு இது கசப்பான ஒப்பீடாக இருந்திருக்கும். பொறிகளுக்கான செலவை ஷெல்பி பின்னர் திருப்பித் தந்தார்.

நெடுஞ்சாலைப் பேரணிகளில் டைகர் கூடுதலாகப் பெயர் பெற்றது. 1964 ஜெனிவா பேரணியில் தன் பிரிவின் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. 1965 சனவரியில் பனி மிகுந்திருந்த மான்டி கார்லோ பேரணியில் பீட்டர் ஹார்ப்பர் மொத்தத்தில் நான்காம் இடம் பெற்றார். வழுக்கும் பாதைக்கு முன்சக்கர இயக்கமுடைய மினி போன்ற வண்டிகளே ஏற்றவை என்று கருதப்பட்ட நேரத்தில், முன்பொறியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு வி-8 வண்டி அவ்விடத்தை எட்டியது வியப்புக்குரியது.

அதே ஆண்டு ஆல்பைன் பேரணியில் ஹார்ப்பர் முதலாவதாக வந்தும் வெற்றி பறிக்கப்பட்டது. பொறியின் வால்வுகள், பதிவு ஆவணத்தில் குறித்த அளவைவிடச் சிறியவையாக இருந்தன என்பதே காரணம். சிறிய வால்வு பொறியின் மூச்சைக் குறைக்குமே தவிரத் திறனைக் கூட்டாது. ஆயினும் அளவு மாறினால் விதி மீறியதாகவே கொள்ளப்படும் என்பதால் முறையீட்டுக்கு வழி இல்லாமற்போயிற்று.

உற்பத்தி நிறுத்தம்

1964 சூனில் ரூட்ஸ் குழுமத்தின் பங்குகளில் ஒரு பகுதியைக் கிரைஸ்லர் நிறுவனம் வாங்கியது. அவ்வாண்டு திசம்பரில் ரூட்ஸ் பிரபு காலமானார். 1967இல் கிரைஸ்லர் முழுக் கட்டுப்பாட்டையும் பெற்றது. தன் முதன்மைப் போட்டியாளரான ஃபோர்டின் பொறியைத் தாங்கிய வண்டியைத் தானே விற்கும் நிலை அதற்கு ஏற்பட்டது. முன் வண்டிகளின் பக்கத்தில் இருந்த ஃபோர்டு பெயர்ப்பட்டைக்குப் பதிலாக, இரண்டாம் வகையில் சன்பீம் வி-8 என்று மட்டும் எழுதப்பட்டது.

கிரைஸ்லரிடமும் 4.5 லிட்டர் வி-8 பொறி ஒன்று இருந்தது. மீண்டும் அளவுகோலை எடுத்தபோது தீர்ப்பு எதிராக அமைந்தது. ஃபோர்டு பொறியில் மின்பொறி பகிர்வான் முன்முனையில் உள்ளது. கிரைஸ்லரின் பொறியில் அது பின்முனையில், சம்மட்டியால் இடம் உண்டாக்கிய அதே தகட்டருகே வந்து நின்றது. எடையும் கூடுதல். உடலை மறுபடியும் வடிவமைக்கக் கிரைஸ்லர் முன்வரவில்லை. 1967 சூனில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

பிற்காலம்

1965இல் தொடங்கிய கெட் ஸ்மார்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கதைத்தலைவனின் வண்டியாக டைகர் வந்தது. முன் மூடிக்குள் துப்பாக்கி ஒளித்து வைத்த காட்சிகளுக்கு மட்டும் ஓர் ஆல்பைன் பயன்பட்டது. டைகரின் பொறியறையில் துப்பாக்கிக்கு இடம் இல்லை.

டைகரின் விலை பிற்காலத்தில் ஆல்பைனைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. இதனால் ஆல்பைன் உடலில் ஃபோர்டு பொறியைப் பொருத்தி டைகர் என விற்போரும் தோன்றினர். இத்தகைய வண்டிகளை ஆர்வலர்கள் ஆல்கர் என்பர். தொழிற்சாலை செய்ததும் இதே வேலைதான் என்பதால் போலியைப் பிரித்தறிவது எளிதன்று. அமெரிக்க உரிமையாளர் சங்கம் ஒன்று, வண்டியை நேரில் ஆராய்ந்து உண்மையான டைகர் எனச் சான்றளிக்கும் முறையை ஏற்படுத்தியது. உடல்தகடுகளின் பற்றவைப்பும், தொழிற்சாலையில் மட்டுமே செய்யப்பட்ட சிறு மாறுதல்களும் அப்போது கவனிக்கப்படுகின்றன.