எழுதிக்கொடுக்காத பெரியப்பா

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். விழுப்புரம் போய் பஸ் மாறி, மதகடிப்பட்டு வந்தால் பிரெஞ்சுக்காரன் எல்லை. அடுத்து திருபுவனை, பெரியப்பா வீடு.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி இணைய எட்டு வருடம் ஆனது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962-இல்தான் ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16-இல் முழு இணைப்பு.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை நீடிக்கும், இல்லையென்றால் இந்தியர். எதிர்வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்தார். அவர் பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். "நம்ம நெலம் இங்கதானே இருக்கு" என்று பெரியப்பா எழுதவில்லை. அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. பெரியம்மாதான் எதிர்வீட்டுப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.